கடலோரத்து விடிலியில் இரண்டு நாள்

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகள் இல்லாமல் ஓர் இடத்துக்குப் போய்த் தங்கினோம். கோயிலுக்கும் இல்லை, விசேஷத்துக்கும் இல்லை. சும்மா போனோம். சனிக்கிழமை காலையில் கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிட்டோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்களில் ஒன்று அது. சின்னவள் அப்போது இரண்டாம் வகுப்பு.

பிள்ளைகளை விடுவதற்காக அச்சங்குளத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். "ரெண்டு பேரும் தனியா எங்க போறீக?" என்று அம்மா கேட்டாள்.

"கடல் பாக்க."

"திருச்செந்தூர்ல பாக்காத கடலா?"

"அங்கன ஒரே கூட்டம். இது ஆளே இல்லாத கடலும்மா."

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆள் இல்லாத இடத்துக்கு யாராவது வேலை மெனக்கெட்டுப் போவார்களா? புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சரியில்லை, பேசித் தீர்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பாள். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் பிள்ளைகளின் பையை வாங்கி உள்ளே வைத்தாள்.

அவள் நினைத்தது முழுக்கத் தப்பும் இல்லை.

என் வீட்டுக்காரர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். கரிசல் காட்டுக்குள் தள்ளித் தள்ளிக் கட்டிய நாற்பது சின்ன அறைகள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவற்றைச் சுற்றி வருவதுதான் அவர் வேலை. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. செருப்பு, வளையல், கொண்டை ஊசி கூடாது. தரையில் வெடிமருந்து சிந்திக் கிடக்கக் கூடாது. செய்து முடித்த சரக்கு அறைக்குள்ளேயே தேங்கக் கூடாது. இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அந்தப் பார்வை வீட்டுக்கும் வந்துவிட்டது. கேஸ் சிலிண்டரைத் திருகி மூடியிருக்கிறேனா என்று மூன்று தடவை பார்ப்பார். சட்டென்று தீப்பிடிக்கிற நைலக்ஸ் சேலையை நான் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன்.

அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, புஸ்வாணம் அடைக்கிற அறை ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே நாலு பெண்கள். மூன்று பேர் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். நாலாவது ஆள் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டாள். என் வீட்டுக்காரர்தான் உள்ளே புகுந்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு முன்கையில் உள்ளங்கை அளவுக்குத் தீக்காயம். அவளுக்கு இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோனது. கழுத்தில் ஒரு பக்கமும் வெந்துவிட்டது. ஆனால் உயிர் பிழைத்துக்கொண்டாள்.

அவள் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அவரை அண்ணாச்சி என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவாள்.

வேலைக்குப் போகிற வேனில், டீக்கடையில், எல்லா இடத்திலும் அவரைப் பற்றித்தான் பேச்சு. ஆயுத பூசையன்று முதலாளி அவரை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். வீட்டுக்கு வந்ததும் அதை மடிப்புக் கலைக்காமல் தகரப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போய்விட்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் சரியாக இல்லை. சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எதையோ யோசித்துக்கொண்டிருப்பார். தெருக்கோடிக்காரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து தினமும் என்னிடம் ஒரே கேள்வி. "அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி கொண்டு போனியா?" நானும் தினமும் கொண்டுபோனேன். இரண்டு கையிலும் கட்டுப் போட்டிருந்ததால் கரண்டியால் ஊட்டிவிடுவேன். "அண்ணாச்சி இல்லேன்னா நான் இன்னைக்கு இல்லை மதினி" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது. அதை நான் வீட்டுக்கு வந்து அவரிடம் சொல்லுவேன், ஏதோ நானே சம்பாதித்துக்கொண்டு வந்த பெருமை மாதிரி. அவர் காதில் வாங்காதவர் போல எழுந்து போவார். ஒரு நாளும் அவளைப் பார்க்கப் போனதில்லை. தெருவழியாக வராமல் கண்மாய்க்கரையைச் சுற்றி வருவார். வெந்த கையைப் பார்க்க மனசு தாங்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளை மாதக் கணக்கில் மூடிவிடுவார்கள். வீட்டிலேயே இருக்க ஆரம்பித்ததும் அவர் இன்னும் மோசமாகிவிட்டார். வயிற்று வலி என்று சாத்தூரில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. ரெண்டு நாள் எங்கேயாவது கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் என் தோழி நினைவுக்கு வந்தாள். சின்ன வயதில் தீப்பெட்டி ஆபீசில் என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டையில் தீக்குச்சி அடுக்கியவள். வேம்பாருக்குத் தெற்கே கடலோரத்தில் ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீட்டுக்காரர் பனையேறி. கோடையில் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிற மாதங்களில் குடும்பமே கடற்கரைப் பனங்காட்டில் ஓலைக்குடிசை போட்டுத் தங்கிவிடும். அந்தக் குடிசையை அங்கே விடிலி என்பார்கள். மற்ற மாதங்களில் அது பூட்டுகூட இல்லாமல் காலியாகக் கிடக்கும். "சும்மாதான கெடக்கு, ஒரு நா வந்து இருந்துட்டுத்தான் போங்களேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள். அவள் வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, வருகிறோம் என்று சொல்லச் சொன்னேன்.

சாத்தூரிலிருந்து எட்டயபுரம், அங்கிருந்து விளாத்திகுளம், பிறகு ஒரு டவுன் பஸ். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கண்மாயெல்லாம் நிறைந்து கிடந்தன. விளாத்திகுளம் தாண்டியதும் பருத்தியும் மிளகாயுமாக நிலம் தட்டையாகிக்கொண்டே போனது. டவுன் பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் ஒருவர் மண்ணெண்ணெய்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் குனிந்து, "மூடி இறுக்கமா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டார். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு இருக்கிறது என்றார். இரண்டு நிறுத்தம் கழித்து இவர் மறுபடி கேட்டார். அந்த மனிதர் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

தோழி குடையும் கையுமாக நிறுத்தத்தில் நின்றாள். "ஏட்டி, எம்புட்டு மெலிஞ்சுட்ட. வாங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்று பையை வாங்கிக்கொண்டாள். அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உடைமரக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். முதலில் செம்மண். பிறகு கால் புதைகிற மணல். பனைகள் நெருக்கமாக வந்தபோது அவர் சட்டென்று நின்றார்.

"என்ன சத்தம் அது?"

"கடலு. வேறென்ன?" என்றாள் தோழி.

அவர் உடனே நடக்கவில்லை. எந்தச் சத்தத்தையும் இன்னதென்று தெரியாமல் கடந்து போகிற பழக்கம் அவருக்கு இல்லை. அது விட்டு விட்டு வருவதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தார்.

நான் பார்த்திருந்த கடல்கள் எல்லாம் கடையும் குடையும் குதிரையுமாக இருந்தவை. இங்கே தெற்கேயும் வடக்கேயும் கண்ணுக்கு எட்டியவரை ஓர் ஆள் இல்லை. மணலில் காலடியும் இல்லை. அலை ஒதுக்கிய கடற்பாசி கறுப்பாக வரிவரியாகக் காய்ந்து கிடந்தது. உடைந்த சங்கு, வலையிலிருந்து அறுந்த மிதவை, எங்கிருந்தோ வந்து ஒதுங்கிய ஒரு முழு மரம். அந்த மரத்தின் வேர்களுக்குள் நண்டுகள் ஓடி ஒளிந்தன. தூரத்தில் கோடு போட்ட மாதிரி ஒரு தீவு. மேகம் கலைந்து வெயில் அடிக்கும்போது தண்ணீர் பச்சையாகவும் மூடும்போது ஈயமாகவும் மாறிக்கொண்டிருந்தது. காற்று சேலையை இழுத்தது. பேசினால் பாதிச் சொல்லைக் காற்று கொண்டுபோய்விடும். அது எனக்குப் பிடித்திருந்தது. எதையும் சொல்ல வேண்டியதில்லை, எதற்கும் பதில் தேட வேண்டியதில்லை.

விடிலியின் கூரையில் தோழி முன்னாலேயே தார்ப்பாய் விரித்துக் கட்டியிருந்தாள். உள்ளே கருப்பட்டி வாசம் இன்னும் இருந்தது. ஒரு குடம் தண்ணீர், இரண்டு பாய், மூன்று கல் அடுப்பு. "சாயங்காலம் மீன் கொழம்பு கொண்டாரேன். நீங்க நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவருக்கு நிம்மதியாக இருக்கத் தெரியவில்லை. முதல் வேலையாக விடிலியைச் சுற்றி வந்து முள்ளையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்கினார். அடுப்பில் காப்பி வைத்தேன். இறக்கிய மறுநிமிடம் மணலை அள்ளிப் போட்டு நெருப்பை அணைத்தார். போட்டது போதாதென்று இன்னொரு கை போட்டார். "சுத்தி ஒரே ஓலை" என்றார். "சரி, இங்கன போர்மேன் நீங்கதான். இப்ப வாங்க, கால் நனைப்போம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டு வருடத்தில் வெட்டவெளியில் நான் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பார்க்க யாருமில்லாததால் வந்த தைரியம்.

முழங்கால் ஆழத்தில் நின்றோம். பிறகு நான் உட்கார்ந்துவிட்டேன். அலை வந்து தோளில் அடித்துவிட்டு, போகும்போது எனக்கு அடியில் இருக்கிற மணலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனது. வீட்டில் அந்த நேரத்துக்கு நான் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்திருப்பேன். இங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை. அது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு உடம்பு அதற்குப் பழகிக்கொண்டது.

வெயில் தாழ்ந்ததும் கரையோடு நடந்து ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் போனோம். எங்கள் ஊர்ப் பக்கம் பாதி வருடம் மணலாகவே கிடக்கிற அதே வைப்பாறுதான். மழைக்கு மணல்திட்டை உடைத்துக்கொண்டு, செம்பழுப்பாகக் கடலுக்குள் வெகுதூரம் போய்க்கொண்டிருந்தது. "வெம்பக்கோட்டைத் தண்ணியும் இதுல இருக்கும்ல?" என்று கேட்டேன். "இருக்கும்" என்றார். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம். தோழி கொண்டுவந்த சாளைமீன் குழம்பை ஊற்றி, நெடுநாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டார். எனக்கு அது போதும் போலிருந்தது.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு வள்ளம் கரைக்கு வந்தது. நாலு பேர் இருந்தார்கள். ஈர மணலில் வள்ளத்தை ஏற்ற ஆள் போதாமல் கையைக் காட்டிக் கூப்பிட்டார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். 'ஏலோ' என்று ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். கரையேறியதும் அவர்களோடு உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. டாக்டர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தோழி இட்லித் தூக்கோடு வந்தாள். வள்ளக்காரர்கள் அவளுக்குத் தெரிந்தவர்கள். "இவுக யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தாள். "பட்டாசுக் கம்பெனி போர்மேன். தீக்குள்ள எறங்கி ஒரு பொம்பளையைத் தூக்கிட்டு வந்தவுக. இவுக மட்டும் இல்லேன்னா அந்தப் பிள்ளை அங்கனயே கருகிப்போயிருக்கும்." நான்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். வள்ளக்காரர்களில் மூத்தவர் நண்டு நாறுகிற கையோடு எழுந்து அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

என் வீட்டுக்காரர் கையிலிருந்த நண்டை மணலில் வைத்தார். எழுந்து தெற்கே பார்த்து நடக்க ஆரம்பித்தார். கை கழுவப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. இட்லி ஆறிப்போனது. "நான் எதுவும் தப்பாச் சொல்லிட்டேனாட்டி?" என்றாள் தோழி. "இல்லை, நீ வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு அவர் போன தடத்திலேயே நடந்தேன்.

வேறு காலடி இல்லாத கரை என்பதால் தேட வேண்டியிருக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் நடந்திருப்பேன். சில இடங்களில் அலை தடத்தை அழித்திருந்தது. அப்படி ஓர் இடத்தில் தடம் மறுபடி கிடைக்கக் கொஞ்சம் தாமதமானபோது நின்றுவிட்டேன். கடலைப் பார்த்தேன். பிறகு ஓடினேன். ஒரு மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம், காற்றுப் படாத இடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

"என்னையக் கும்பிடுறாக, பாத்தியா" என்றார்.

"அதுக்கு என்ன?"

"அன்னைக்குத் தட்டுத் தூக்குற ஆளை நான்தான் லாரிக்கு அனுப்பினேன்."

எனக்கு உடனே புரியவில்லை. அவர் கடலைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். புஸ்வாணம் அடைத்து முடிக்க முடிக்கத் தட்டோடு வெளியே எடுத்துப்போய்க் காயப்போட ஓர் ஆள் வேண்டும். அன்றைக்கு லோடு ஏற்ற ஆள் குறைந்தது. ஆபீசிலிருந்து அவசரப்படுத்தினார்கள். அரை மணி நேரம்தானே என்று அந்த ஆளை லாரிக்கு அனுப்பிவிட்டார். அரை மணி நேரம் இரண்டு மணி நேரமானது. அடைத்த தட்டுகள் வாசல் ஓரம் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிட்டன. தீப்பிடித்ததும் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மூன்று பேர் தாண்டி ஓடிவிட்டார்கள். உள்பக்கம் இருந்தவள் எழுந்து வருவதற்குள் அந்தத் தட்டுகள் பிடித்துக்கொண்டு, வாசலே தீயாகிவிட்டது.

"எப்படிப் பத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அது யாருக்கும் தெரியாது. ஆனா வாசல் காலியா இருந்திருந்தா அந்தப் பிள்ளையும் வெளிய வந்திருக்கும்."

"விசாரிக்க வந்தவுகட்ட சொன்னீகளா?"

"தட்டு ஒண்ணும் தேங்கலைன்னு சொன்னேன்." ஒரு கை மணலை அள்ளிக் கீழே விட்டார். "எப்படிப் பத்துச்சுன்னு கேட்டாக. உள்ள மாட்டுன பிள்ளை கை தவறி உரசிருச்சுன்னு சொல்லிட்டேன். அப்படியே எழுதிக்கிட்டாக."

அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதை நான் மறைக்க விரும்பவில்லை. எனக்கு வந்தது கோபம். எத்தனை நாள் அந்தத் தெருக்கோடி வீட்டில் உட்கார்ந்து ஊட்டிவிட்டிருக்கிறேன். அவள் சொன்ன நன்றியை எத்தனை நாள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறேன்.

"என்னைய எதுக்குத் தினமும் கஞ்சியோட அனுப்புனீக?" என்று கேட்டேன். "நீங்க பண்ணுனதுக்கு நான் போய் அவ முன்னால உக்காந்து நல்ல பேரு வாங்கிட்டு வந்திருக்கேன். எனக்குத் தெரியாமலே என்னையப் பொய் சொல்ல வச்சிருக்கீக."

அவர் அழுதார் என்று சொல்ல முடியாது. கண்ணில் தண்ணீர் வந்தது, காற்றிலும் அப்படி வரும். நான் எழுந்து தண்ணீருக்குள் போய் இடுப்பளவில் நின்றேன். முந்தின நாள் அத்தனை இதமாக இருந்த அலை இப்போது தள்ளிக்கொண்டே இருந்தது. விழாமல் நிற்பதே ஒரு வேலையாக இருந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்ததை அங்கேதான் உணர்ந்தேன். அந்தத் தீக்குள் இவர் போனதும் உண்மை. போகாமல் இருந்திருக்கலாம். பக்கத்து அறையில் நின்ற மேஸ்திரி ஒருவர் போகவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். பயத்தில் போனாரா, குற்ற உணர்வில் போனாரா, இரக்கத்தில் போனாரா? அந்த நேரத்தில் அவருக்கே தெரிந்திருக்காது.

திரும்பி வந்து ஈரச் சேலையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிவிட்டது. "பசிக்குதா?" என்று கேட்டேன். "பசிக்குது" என்றார். நடந்து போய் ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டோம். தோழி கருவாடு கட்டிக் கொடுத்தாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸில் எட்டயபுரம் வரைக்கும் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. சாத்தூரில் இறங்கும்போது, "நாளைக்கு அவ வீட்டுக்குப் போகணும். நானும் வாரேன்" என்றேன். தலையை ஆட்டினார்.

திங்கட்கிழமை காலையில் போனோம். அவள் வாசலில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். கட்டுப் பிரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. விரல்கள் உள்பக்கமாக வளைந்து, தோல் வழவழவென்று இருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள். "உக்காரு தாயி" என்றார். அவரும் தரையில் உட்கார்ந்தார். மணல்மேட்டில் என்னிடம் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள்.

"தெரியும் அண்ணாச்சி" என்றாள். "அந்த ஆளு தட்டை வச்சிட்டு லாரிக்குப் போனதை நானுந்தான பாத்தேன்."

நான் திடுக்கிட்டேன். "பெறகு ஏன் நீ யாருகிட்டயும் சொல்லலை?"

"என்னன்னு சொல்ல மதினி? வாசலை அடைச்சதும் இவுகதான். வந்து தூக்குனதும் இவுகதான். நான் எதைச் சொல்ல, எதை விட?" தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "இப்ப இவுக சொல்லிட்டாக. இனி இவுகளுக்குத் தூக்கம் வரும். எனக்கு ராத்திரியானா கை அரிக்கத்தான் செய்யும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளே மறுபடி பேசினாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன். நான் கை தவறி உரசிட்டேன்னு எழுதியிருக்காகளே. கூட வேலை பாத்தவளுக எல்லாம் அப்படித்தான் பேசுதாளுக. பதினோரு வருசம் மருந்து அள்ளியிருக்கேன் அண்ணாச்சி. ஒரு நாள் என் கை தவறலை. அன்னைக்கும் தவறலை. அதை மட்டும் மாத்திருங்க."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நாங்கள் இரண்டு பேரும் எதை எதையோ நினைத்துக்கொண்டு போயிருந்தோம்.

அவர் முதலாளியிடம் போனார். "முடிஞ்சதை ஏன் கெளறுறீக?" என்று கேட்டாராம். விசாரித்த அலுவலகத்திலும் போய் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவர்கள் பதிவில் எதையாவது மாற்றினார்களா என்று எங்களுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. ஆனால் தைப்பொங்கல் கழித்துக் கம்பெனி திறந்த முதல் நாள், வேன் வந்து நின்று எல்லோரும் ஏறுவதற்கு முன்னால் அவர் குரலை உயர்த்திச் சொன்னார். "தெருக்கோடிப் பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லை. அது கை தவறலை. தட்டைத் தேங்க விட்டது நான். பொய் சொன்னதும் நான்." நான் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். வேன் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு அவரையே பார்த்தார். அன்று மதியமே அவரைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பின் சிவகாசியில் ஓர் அச்சாபீசில் பேப்பர் வெட்டுகிற பிரிவில் சேர்ந்தார். போர்மேன் இல்லை, சாதாரண ஆள். ஊரில் சிலர் அவரை மெச்சினார்கள். சிலர் சோற்றில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டவன் என்றார்கள். என் அம்மா இரண்டாவது கட்சி. தெருக்கோடிக்காரி பட்டாசு வேலைக்குத் திரும்பவில்லை. வளைந்த விரல்களால் மெதுவாக அட்டைப்பெட்டி ஒட்டப் பழகினாள். எங்கள் வீட்டுக்கு வருவாள், நான் அவள் வீட்டுக்குப் போவேன். அவள் மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. கேட்டால், அதற்கும் ஏதாவது நேராகப் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம்தான்.

அந்த இரண்டு நாள் போகாமல் இருந்திருந்தால் அவர் சொல்லியிருப்பாரா என்று சில சமயம் யோசிப்பேன். வீட்டில் எத்தனையோ மாதம் பக்கத்தில் பக்கத்தில்தான் படுத்திருந்தோம். அங்கே ஒரு பேச்சை ஆரம்பித்தால் பிள்ளை கூப்பிடும், தண்ணீர் லாரி வரும், பேச்சு அத்தோடு நிற்கும். கடற்கரையில் அவருக்குத் தப்பித்துப் போக ஒரு வேலையும் இல்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

தோழி இன்னும் கூப்பிடுகிறாள். நடுவில் மூன்று நாலு தடவை போய் வந்தோம். ஒருமுறை பிள்ளைகளையும் கூட்டிப்போனோம். சின்னவளுக்கு நண்டைக் கண்டு பயம், பெரியவள் கரையைவிட்டு வரமாட்டேன் என்றாள். போன தடவை நாங்கள் போன அன்று பெரிய மழை. உடைமரக் காட்டுப் பாதையில் தண்ணீர் அறுத்துக்கொண்டு ஓடியது. தோழி வீட்டிலேயே உட்கார்ந்து அவள் பேத்தியின் காதுகுத்துக் கதையைக் கேட்டுவிட்டு, கடலைப் பார்க்காமலே அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்துவிட்டோம்.